விருந்தினர் நம் அருகில் அமரும்போது



கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கி வருகிறது. குடில் கட்டுவதற்கு மூங்கிலும் வைக்கோலும் சேர்க்கும் இளைஞரின் ஆரவாரமும், பலகாரம் செய்யும் அடுக்களைகளின் மணமும் நம் தெருக்களை நிறைக்கத் தொடங்கிவிட்டன. இவ்வேளையில் நாம் செய்ய வேண்டிய மற்றோர் ஆயத்தத்தைக் குறித்து இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு நம் பங்கு மக்கள் மட்டும் வருவதில்லை. அடுத்த வீட்டு இந்து அன்பர், அலுவலகத்தில் உடன் பணியாற்றும் இசுலாமிய நண்பர், மகளின் கல்லூரித் தோழி எனப் பலரும் வருகிறார்கள். திருமணத்திற்கும், அடக்கப் பூசைக்கும், ஊர்த் திருவிழாவிற்கும் இவ்வாறே வருகிறார்கள். அவர்களுள் பலருக்கு அதுவே ஒரு கத்தோலிக்க ஆலயத்திற்குள் முதல் வருகை. உள்ளே வரலாமா, எங்கே அமர்வது, எப்போது எழுவது என்று அறியாமல், வாசற்கதவின் அருகிலேயே அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புவோரை எல்லாப் பங்குகளிலும் காணலாம். அழைத்தவரோ பாடகர் குழுவில் இருப்பார், அல்லது முன்வரிசையில் குடும்பத்தோடு அமர்ந்திருப்பார்.

வீட்டுக்கு வந்த விருந்தினரைத் திண்ணையில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்காரும் வழக்கம் நம்மிடம் கிடையாது. ஆலயத்தில் மட்டும் ஏன் அவ்வாறு நடக்கிறது? வந்தவருக்கு விளக்கம் சொல்வது குருவானவரின் வேலை என்று எண்ணிக்கொள்கிறோம். குருவானவரோ பீடத்தில் நிற்கிறார். அவருக்கு அருகில் அமர்ந்திருப்பவர் நீங்கள்தாம். ஆகவே, முதன்முறை வருவோர் திருப்பலியில் காண்பவை எவை, அவற்றை அவருக்கு எவ்வாறு எடுத்துரைப்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

வாசலும் இருக்கையும்

முதலில் அவர் கேட்பது காலணியைப் பற்றித்தான். நம் கிராமத்து ஆலயங்கள் பலவற்றில் காலணியை வெளியே விடுகிறோம். நகரத்து ஆலயங்கள் பலவற்றில் அணிந்தே செல்கிறோம். இதில் திருச்சபையின் கட்டளை ஒன்றுமில்லை. ஊர் வழக்கமே வழக்கம். பெண்கள் முந்தானையால் முக்காடு இடுவதும் அவ்வாறே. 1917ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதைக் கேட்டது. 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அவ்விதி இல்லை. பக்தியின் பொருட்டு நம் தாய்மார் பலர் அதைக் கைக்கொள்ளுகிறார்கள். விருந்தினர் விரும்பினால் செய்யலாம், செய்யாவிடில் குறையொன்றுமில்லை.

வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கும். நாம் விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வதைக் கண்டு, தாமும் அவ்வாறே செய்ய வேண்டுமோ என்று அவர் தயங்குவார். நம் திருமுழுக்கை நினைவுகூர்ந்து நாம் செய்கிற அடையாளம் அது, உங்களுக்குக் கட்டாயமில்லை என்று மெல்லச் சொல்லிவிட்டால் போதும்.

அடுத்தது இருக்கை. இதில் நாம் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. விருந்தினருக்கு முன்னுள்ள இடங்களெல்லாம் யாருக்கோ உரியவை போலத் தோன்றும். ஆலயத்தில் எந்த இடமும் எவருக்கும் சொந்தமன்று. செல்வனை நல்ல இடத்தில் அமர்த்தி, கந்தை உடுத்தியவனை ஓரத்தில் நிறுத்துவோரைப் புனித யாகப்பர் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எவ்வளவு கடுமையாய்க் கண்டித்திருக்கிறார் என்பதை நாம் அறிவோம். அந்தக் கண்டிப்பு நம் நாட்டிற்கும் தேவைப்பட்டது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே ஆலயத்திற்குள் சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910ஆம் ஆண்டில்தான் அது இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றார்கள். ஆயினும் சுவர் திரும்ப எழவில்லை. இந்த வரலாறு நம் மண்ணில் நடந்தது. ஆகையால் நம் ஆலயத்தில் ஒருவர் இடம் தேடித் தயங்கி நிற்கும்போது, அவர் நெஞ்சில் என்ன கேள்வி எழக்கூடும் என்பதை மற்றெவரையும் விட நாம் நன்றாக உணர வேண்டும். நகர்ந்து இடங்கொடுங்கள். உங்கள் குடும்பத்தின் நடுவில் அவரை அமர்த்துங்கள். ஓரத்தில் அமர்த்தினால், அடுத்தவர் எழும்போது எழவும் அமரும்போது அமரவும் அவருக்கு வழிகாட்டுவார் இல்லை.

ஒரு மணி நேரம் நடப்பது என்ன?

இந்து அன்பர்கள் தங்கள் ஆலயத்திற்குச் செல்லும் முறை வேறு. அவரவர்க்கு வாய்த்த நேரத்தில் சென்று, தரிசனம் செய்து, திருநீறோ குங்குமமோ பெற்று, பிரகாரம் சுற்றித் திரும்புவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கூடி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒன்றாகவே இருந்து, ஒன்றாகவே எழுந்து, ஒன்றாகவே விடை சொல்லும் வழிபாடு அவர்களுக்குப் புதிது. இசுலாமிய அன்பர்களுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகையின் பழக்கத்தால் கூடித் தொழுவது புதிதன்று. இடையிடையே எழுந்து அமர்ந்து பாடுவதுதான் புதிதாக இருக்கும். எனவே தொடக்கத்திலேயே இரண்டு வாக்கியங்களில் முழு வழிபாட்டின் அமைப்பைச் சொல்லிவிடுங்கள்: முதற்பகுதியில் இறைவனின் வார்த்தையைக் கேட்கிறோம்; இரண்டாம் பகுதியில் ஆண்டவர் இயேசு தம் இறுதி இரவுணவில் செய்ததை அவர் கட்டளைப்படி செய்கிறோம். இவ்வளவு தெரிந்தால் எஞ்சியவற்றை அவர் தாமே பின்தொடர்வார்.

குருவானவர் பீடத்தை நோக்கி வரும்போது எல்லாரும் எழுந்து நின்று பாடுவார்கள். பின்னர் நம் குற்றங்களை ஏற்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்போம். ஊரில் மதிப்புள்ள பெரியவர்களும், பீடத்தில் நிற்கும் குருவும் தம் மார்பைத் தட்டிப் பாவி என்று சொல்லிக்கொள்வதைக் காணும் விருந்தினர் வியப்படைவதுண்டு. வியக்கட்டும். நம் வழிபாடு அங்கேதான் தொடங்குகிறது.

தொடர்ந்து வாசகங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வாசகங்களும், முதல் வாசகத்தின்பின் ஒரு பதிலுரைப் பாடலும் உண்டு. இரண்டு வாசகங்களை அமர்ந்து கேட்டுவிட்டு, நற்செய்தி வாசகத்தை மட்டும் நின்று கேட்கிறோம். பேசுபவர் நம் ஆண்டவரே என்று நம்புவதால் எழுந்து நிற்கிறோம். நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் சிறு சிலுவை வரைந்துகொள்வது, அந்த வார்த்தை நம் அறிவிலும் சொல்லிலும் நெஞ்சிலும் தங்கும்படி. 1969ஆம் ஆண்டு வெளிவந்த வாசக ஒழுங்கின்படி, ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் அமைந்திருக்கின்றன. ஓராண்டு மத்தேயு, ஓராண்டு மாற்கு, ஓராண்டு லூக்கா நற்செய்திகள் முதன்மை பெறுகின்றன. அதன்பின் மறையுரை. அது நீண்டுவிட்டால் விருந்தினர் மட்டுமன்று, நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்!

நம் பாட்டிமார் காலத்தில் இவையெல்லாம் இலத்தீனில் நடந்தன. குருவானவர் பீடத்தை நோக்கி நின்று செபிக்க, மக்கள் கையில் செபமாலையோடு அமர்ந்திருந்தார்கள். 1963ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தின் பயனாக, 1960களிலேயே தமிழ் நம் பீடங்களில் ஒலிக்கத் தொடங்கியது. அயலார் ஒருவர் சபைக்குள் நுழையும்போது அங்கே பேசப்படுவது அவருக்கு விளங்காவிடில் அவர் என்ன எண்ணுவார் என்று புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாரைக் கேட்டார். விளங்கும் சொல்லைக் கேட்டால், இறைவன் உங்கள் நடுவில் இருக்கிறார் என்று அவரே பணிந்து சொல்வார் என்பது அப்போஸ்தலரின் நம்பிக்கை. மொழித் தடை இன்று நீங்கிவிட்டது. ஆனால் விடைகளை நாம் வாய்க்குள் முணுமுணுத்தால், பாடலைப் பாடகர் குழுவுக்கே விட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால், விருந்தினர் காதில் விழுவது எது?

காணிக்கைத் தட்டு வரும் நேரத்தில் அவர் அவசரமாய்ச் சட்டைப்பையைத் துழாவுவார். போடுவதும் போடாமலிருப்பதும் உங்கள் விருப்பம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு, அப்பத்தின் மீதும் இரசத்தின் மீதும் குருவானவர் நன்றி மன்றாட்டைச் சொல்லும் பகுதி. நாம் முழந்தாளிடுகிறோம், மணி ஒலிக்கிறது, ஆலயமே அமைதியாகிறது. முழங்காலிட இயலாத விருந்தினர் அமைதியாய் அமர்ந்திருக்கலாம், அல்லது நிற்கலாம். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லிக் கொண்டிராதீர்கள். நம் மௌனத்தை விடச் சிறந்த விளக்கம் அப்போது வேறில்லை.

அடுத்துச் சமாதானம் பகிர்தல். கைகூப்பி ஒருவரையொருவர் வணங்குகிறோம். 1969ஆம் ஆண்டு இந்திய ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று உரோமை அளித்த அனுமதிகளுள் இவ்வாறு கைகூப்புவதும் ஒன்று. தரையில் அமர்வதும், மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றுவதும், ஆரத்தி எடுப்பதும் அவற்றுள் அடங்கும். திருப்பலி முழுவதிலும் விருந்தினர் தயக்கமின்றிப் பங்குகொள்ளக்கூடிய செயல் இந்தக் கைகூப்பு. முதலில் அவரை நோக்கித் திரும்புங்கள். பிறகு உங்கள் குடும்பத்தாரை நோக்குங்கள்.

திருவிருந்தின் வேளை

இனி, நம்மில் பலர் சொல்லத் தயங்கி விட்டுவிடும் இடத்திற்கு வருகிறோம். எல்லாரும் வரிசையாய் எழுந்து நற்கருணை வாங்கச் செல்கிறார்கள். விருந்தினர் என்ன செய்வார்? எதுவும் சொல்லப்படாவிட்டால், எல்லாரோடும் எழுந்து வருவதே மரியாதை என்று எண்ணி வரிசையில் நிற்பார். அது இயல்பே. எந்தக் கோயிலிலும் பிரசாதத்தை மறுப்பது பண்பன்று என்றே அவர் வளர்க்கப்பட்டிருக்கிறார்.

வேறொரு பங்கில் நடந்த திருமணத் திருப்பலி ஒன்றில் நாமும் பீடத்தில் இருந்தோம். மணமகனோடு வேலை பார்ப்பவர் ஒருவர் கூட்டத்தோடு வந்து கையில் நற்கருணையைப் பெற்றார். உட்கொள்ளாமல், வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை விரித்து அதில் பத்திரமாய் வைத்து மடித்தார். அதைக் கண்ட பெரியவர் ஒருவர் அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு உரத்த குரலில் அதட்டினார். ஆலயம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாம் இறங்கிச் சென்று கேட்டபோது, “வீட்டில் அம்மா படுத்த படுக்கையாய் இருக்கிறார்கள் சாமி, அவர்களுக்குக் கொடுக்கலாமென்று எடுத்தேன்” என்றார். கைக்குட்டையை இரு கைகளாலும் ஏந்தி நம்மிடம் திருப்பித் தந்தார். அன்று ஆலயத்தில் அதைவிட வணக்கத்தோடு நற்கருணையைக் கையில் ஏந்தியவர் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. அவர் விருந்துக்கு நிற்கவில்லை. முகம் வாடிப் புறப்பட்டுவிட்டார். அழைப்பிதழ் கொடுத்து அழைத்த வீட்டார் இரண்டே வாக்கியங்களை முன்னதாகச் சொல்லியிருந்தால், நற்கருணைக்கும் அவமதிப்பு நேர்ந்திராது. அந்த மகனுக்கும் நேர்ந்திராது.

அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல நம் நாவு ஏன் எழுவதில்லை? காரணம் உண்டு. பந்தியில் ஒருவருக்கு இலை போட்டு அடுத்தவரைத் தாண்டிச் செல்வதை நம் தமிழ் மக்கள் பெரும் பாவமாகக் கருதுகிறார்கள். சாதியின் பெயரால் தனிப்பந்தி போட்ட கொடுமையைக் கண்ட நாடு இது. ஆகையால், இது உங்களுக்கு இல்லை என்று சொல்வது நமக்கே கூசுகிறது. இந்தக் கூச்சம் நல்ல கூச்சம். அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் கூச்சத்தினால் வாயடைத்துப் போவது விருந்தினருக்கு நன்மை செய்வதில்லை. காரணத்தை நாம் தெளிவாய் அறிந்திருந்தால், கூச்சமின்றிச் சொல்லலாம்.

நற்கருணையைக் கொடுக்கும் குரு, இது கிறிஸ்துவின் உடல் என்று அறிவிக்கிறார். பெறுபவர் ஆமென் என்கிறார். அந்த ஒரு சொல்லுக்குள், இது கிறிஸ்துவே என்னும் விசுவாசமும், அவர் திருச்சபையோடு ஒன்றாய் வாழ்வேன் என்னும் உறுதியும் அடங்கியிருக்கின்றன. அது கையொப்பம் போன்றது. படித்துப் பார்க்காத பத்திரத்தில் நம் நண்பரை நாம் கையொப்பமிடச் சொல்வோமா? அவர் சொல்லை மதிப்பதனாலேயே, அவர் நம்பாத ஒன்றை நம்புவதாக அவர் வாயால் சொல்லவைக்க மறுக்கிறோம். திருமணத்திற்கு ஊரையே அழைக்கிறோம். வாக்குறுதியை மணமக்கள் இருவர் மட்டுமே சொல்லுகிறார்கள். சுற்றி நிற்கும் ஊரார் தாழ்ந்தவர்கள் என்று எவரும் சொல்வதில்லை, அவர்கள் சாட்சிகள். திருவிருந்தின் வேளையில் விருந்தினரின் இடமும் அத்தகையதே.

இது பிறப்பையோ சாதியையோ செல்வத்தையோ பார்த்து இடும் தடையன்று. நம் சிறுபிள்ளைகளும் முதல் நற்கருணை பெறும்வரை இருக்கையில்தான் இருக்கிறார்கள். சாவான பாவ நிலையில் இருப்பதாக உணரும் கத்தோலிக்கர், பாவசங்கீர்த்தனம் செய்யுமுன் நற்கருணையை அணுகலாகாது. ஒரு மணி நேர உபவாசத்தைக் காக்காதவரும் வருவதில்லை. ஆகவே எழாமல் அமர்ந்திருப்பவர் விருந்தினர் மட்டுமல்லர் என்பதையும் அவருக்குச் சொல்லலாம். வீட்டில் ஒருவர் நற்கருணை வாங்கிவரும்வரை மற்றொருவர் அவரோடு அமர்ந்திருங்கள். ஆளில்லாத வரிசையில் தனியே விடப்படுவதுதான் அவரை அதிகம் வருத்தும்.

திருச்சபையும் இந்த வருத்தத்தை எண்ணிப் பார்த்திருக்கிறது. கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெறாத ஒருவரை, உரிய அனுமதியோடு மணம் புரியும்போது, அச்சடங்கைத் திருப்பலியின்றி இறைவார்த்தை வழிபாட்டோடு நடத்துவதே முறை. அதனால் மணமக்களுள் ஒருவர் திருவிருந்தை அணுக, மற்றவரும் அவர் வீட்டாரும் பார்த்திருக்கும் நிலை நேர்வதில்லை. பூசை இல்லையே என்று இதற்காகக் குறைப்பட்டுக்கொள்ளும் வீட்டார் இதனைச் சிந்திப்பார்களாக.

பிற கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த நம் சகோதரர் வரும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்கள். அதே ஆண்டவரை வணங்குகிறவர்கள். ஆயினும் பொதுவான முறைப்படி நாம் ஒரே பந்தியில் அமர முடிவதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். கிறிஸ்துவின் உடலில் ஆறாத காயமாக இதைச் சொல்லுங்கள், ஒன்றிப்புக்காகச் செபிக்கிறோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி செபியுங்கள்.

பழைய முன்மாதிரி ஒன்று

வெளியாருக்குத் திருப்பலியை விளக்கும் கடமை இன்று புதிதாய் முளைத்ததன்று. கி.பி. 155ஆம் ஆண்டளவில் உரோமை நகரில் வாழ்ந்த புனித ஜஸ்தின் என்னும் ஞானி, அந்தோனீனு பீயு என்னும் பேரரசனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவர்கள் இரகசியமாய்க் கூடி மனித மாமிசம் உண்கிறார்கள் என்று மக்கள் அவதூறு பேசிய காலம் அது. ஜஸ்தின் சினந்து எழுதவில்லை. நடப்பதை நடந்தபடி விளக்கினார். ஞாயிறன்று நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள், அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளும் இறைவாக்கினரின் நூல்களும் வாசிக்கப்படுகின்றன, தலைமை தாங்குபவர் அறிவுரை கூறுகிறார், எல்லாரும் எழுந்து செபிக்கிறார்கள், அப்பமும், தண்ணீர் கலந்த இரசமும் கொண்டுவரப்படுகின்றன, நன்றி மன்றாட்டுக்கு மக்கள் ஆமென் என்கிறார்கள், நற்கருணை பகிரப்படுகிறது, வர இயலாதவர்களுக்குத் தியாக்கோன்கள் எடுத்துச் செல்கிறார்கள். விசுவசித்துத் திருமுழுக்குப் பெற்றவரே இதில் பங்குபெறுவர் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூற்று எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய இந்த விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஞாயிறு பூசைக்கு ஒருவர் வந்தால், வழி தவறாமல் பின்தொடரலாம். ஜஸ்தின் மற்றொன்றையும் குறிப்பிடுகிறார். வசதியுள்ளோர் மனமுவந்து கொடுக்கும் காணிக்கை, அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர் ஆகியோருக்கும், தங்களிடையே வந்து தங்கும் அந்நியருக்கும் உதவுகிறது என்கிறார். பாருங்கள், அன்றைய காணிக்கைப் பெட்டியிலேயே அந்நியருக்கு ஒரு பங்கு இருந்தது!

கேட்பவருக்கு விடை

வழிபாடு முடிந்ததும் விருந்தினர் கேள்விகள் கேட்பார். பீடத்தருகே எரியும் அந்தச் சிவப்பு விளக்கு எதற்கு? அங்கே நற்கருணைப் பேழையில் ஆண்டவர் எழுந்தருளியிருக்கிறார் என்பதன் அடையாளம் அது. அதனால்தான் அதன் முன் முழந்தாளிடுகிறோம். சுரூபங்களை வணங்குகிறீர்களா? வழிபாடு இறைவன் ஒருவருக்கே. மாதாவுக்கும் புனிதருக்கும் வணக்கம் செலுத்தி, எங்களுக்காக மன்றாடும்படி அவர்களைக் கேட்கிறோம். சுரூபம் அவர்களை நினைவூட்டுகிறது. அடக்கப் பூசையில் சவப்பெட்டிக்கு ஏன் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டினார்கள்? தீர்த்தம் அவர் பெற்ற திருமுழுக்கை நினைவூட்டுவது. தூபம், பரிசுத்த ஆவியின் ஆலயமாய் இருந்த அந்த உடலுக்கு நாம் செய்யும் மரியாதை.

தெரியாததைக் கேட்டால், குருவானவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் மேற்கண்டவற்றுக்கே விடை தெரியாவிட்டால், விருந்தினர் வருமுன் நாமே ஒருமுறை கற்றுக்கொள்ளுதல் நலம். இந்த மாதத்தில் ஓரிரவு குடும்பச் செபம் முடிந்ததும், பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நற்செய்திக்கு ஏன் எழுந்து நிற்கிறோம்? சமாதானத்தை ஏன் நற்கருணைக்கு முன்னரே பகிர்கிறோம்? அயலாருக்கு விளக்கத் தொடங்கும் குடும்பம் தன் விசுவாசத்தைத் தானே ஆழமாய் அறிந்துகொள்ளும்.

ஒன்றை மறவாதீர்கள். வந்தவரை மதம் மாற்றக் கிடைத்த வாய்ப்பாக அவர் வருகையை எண்ணாதீர்கள். அவர் உங்கள் அழைப்பை மதித்து வந்திருக்கிறார். அவர் நெஞ்சில் செய்ய வேண்டியதை ஆண்டவர் அறிவார். நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் விடை கூற ஆயத்தமாய் இருக்கும்படிதான் புனித இராயப்பர் நமக்குக் கற்பித்தார். கேட்டதற்கு விடை சொல்லுங்கள். கேளாததைத் திணிக்காதீர்கள்.

பெருவிழாவுக்கு முன்

இந்த ஆண்டு நள்ளிரவுத் திருப்பலிக்கு யாரையாவது அழைத்திருக்கிறீர்களா? அவ்வாறாயின் சில சிறு செயல்களை உங்களிடம் வேண்டுகிறோம். வீட்டிலிருந்தே அவரை உடன் அழைத்து வாருங்கள். ஆலயத்தில் சந்திக்கலாம் என்று சொல்லிவிடாதீர்கள். புறப்படுமுன், திருப்பலியின் இரு பகுதிகளைப் பற்றியும், திருவிருந்தின் வேளையில் அவர் அமர்ந்திருப்பதன் காரணத்தைப் பற்றியும் அமைதியாய்ச் சொல்லிவிடுங்கள். குடும்பத்தின் நடுவில் அமர்த்துங்கள். பாடல் புத்தகத்தைத் திறந்து அவர் கையில் கொடுங்கள். முடிந்ததும் குருவானவரிடம் அழைத்து வாருங்கள். கத்தோலிக்கரல்லாதவருக்கும் ஆசி வழங்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். நோயுற்ற தாய்க்காகவோ தேர்வு எழுதும் மகனுக்காகவோ செபிக்கும்படி அவர் கேட்டால், நின்று செபிப்பதற்கு எந்தக் குருவுக்கும் நேரமிருக்கும்.

அழைக்காமலே வந்து கதவோரம் நிற்பவரும் இருப்பார்கள். அவர்கள் யாருடைய விருந்தினர் என்று கேட்காதீர்கள். மரியாயின் சேனையினரும், இளைஞர் இயக்கத்தினரும் அன்றிரவு வாசலருகே இருவர் இருவராய் நின்று, அவர்களை உள்ளே அழைத்து இடங்காட்டுவார்களாக. மாதாவுக்கும் சூசையப்பருக்கும் சத்திரத்தில் இடமில்லாமற்போன இரவை நாம் கொண்டாடுகிறோம். அந்த இரவில் நம் வாசலில் ஒருவர் இடமின்றி நிற்பது தகாது.

பூசை முடிந்து வீடு திரும்பியதும் அவருக்கு இலை போடுங்கள். திருவிருந்தில் அவர் நம்மோடு பங்குபெற இயலவில்லை. உங்கள் வீட்டுப் பந்தியிலோ அவருக்கே முதல் இடம். அங்கே பரிமாறப்படும் அன்பைக் கொண்டுதான், பீடத்தில் நாம் செய்ததன் பொருளை அவர் அளவிடுவார்.

பெத்லகேமின் பாலன் உங்கள் இல்லங்களையும், உங்கள் இல்லம் தேடி வருவோர் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.